கல் காணவில்லை

அளவைப் புத்தகத்தில் அந்தக் கரடு
பாறைப் புறம்போக்கு.
நாலு ஹெக்டேர், சொச்சம்.
விவரம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
உச்சியில் கோவில் இருப்பது
புத்தகத்துக்குத் தெரியாது.

பர்கூரில் டவுன் பஸ்ஸை விட்டு
மாந்தோப்புகளுக்குள் புகுந்து வெளியே வந்தால்
ஒரு பக்கக் கன்னம் மட்டும் மழித்த முகமாய்
நிற்கிறது மாதா கரடு.
மழித்த பக்கம் குவாரி.
மறுபக்கம் படிகள்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்றார் டீக்கடைக்காரர்.
அவர் மனைவி அதெல்லாம் எண்ணக் கூடாது என்றாள்.

குத்தகைக்காரர் எல்லை கேட்டு மனுப் போட்டிருந்தார்.
நானும் செயின்மேன் முனிரத்தினமும்
ஒன்பது கல்லோடு போயிருந்தோம்,
அம்புக்குறி கொத்திய சர்க்கார் கல்.
எட்டு, கரட்டைச் சுற்றி.
ஒன்பதாவது உச்சிக்கு.

கோவில் சாவி திரேசம்மாளிடம் இருந்தது.
சிப்காட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவள்,
வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் ஏறினாள்.
"கல்லு எடுத்துக்கிட்டீங்களா?"
"ஆள் தலையில வருது."
"அப்ப சரி."

அவள் கேட்டது வேறு கல் என்று
பாதி மலையில்தான் புரிந்தது.
ஏறுகிறவர் ஆளுக்கு ஒரு கல் சுமக்க வேண்டும்.
பிள்ளை வரத்துக்கு உருண்டை,
கடன் தீரச் சப்பை,
கேட்க ஒன்றும் இல்லாதவர்கள்
கையில் அகப்பட்டது.
தாது வருஷப் பஞ்சத்தில்
கம்பு அளந்து கூலி கொடுத்து
ஒரு வெள்ளைக்காரச் சாமியார்
இடுப்பு உயரம் கட்டினாராம்.
காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.
இடுப்புக்கு மேலே எல்லாம் வேண்டுதல்.

சிலுவைப் பாதையில் பதின்மூன்று ஸ்தலம்தான்.
மூன்றாம் முறை கீழே விழுகிற ஒன்பதாவது
குவாரி வெடியில்
விழுந்தேவிட்டது.
அந்த இடம் வந்ததும்
திரேசம்மாள் வெற்றுப் பாறைக்கு முழங்காலிட்டாள்.
முனிரத்தினம் தொப்பியைக் கழற்றி
என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஒரு மணிக்குச் சைரன்.
பிறகு வெடி.
உள்ளே வெண்கல மணி
தொடுவார் இல்லாமல் முனகியது.
"பன்னெண்டு மணி ஜெபம் எங்களுக்கு
ஒரு மணி நேரம் லேட்டு" என்று சிரித்தாள்.

பின்சுவரிலிருந்து பதினோரு மீட்டர்.
கடப்பாரை நுழைகிற வெடிப்பாகப் பார்த்து
கல்லை நட்டோம்.
வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.

தவக்காலம் போய்
மாவடு காயான பிறகு
சரிபார்க்கப் போனால்
எட்டுக் கல்லும் இருந்தது.
உச்சியில் குழி மட்டும்,
அதில் ஒரு ஓணான்.
குவாரி ஆட்கள் வேலை என்று
முனிரத்தினம் புகார் எழுதவே தொடங்கிவிட்டான்.
எனக்குத்தான் கால் தட்டியது.
கோவில் வாசலுக்கு முந்தின படி
புதிது.
படுத்துக் கிடந்தது எங்கள் கல்,
அம்பு உள்ளே பார்க்க,
அம்பின் பள்ளத்தில் மெழுகு உறைந்து.

"யாரு வெச்சாங்க?"
"வெள்ளிக்கிழமை ஏறினது
ஆயிரம் பேர் சார், யாரைச் சொல்ல?
கரட்டு மேல தனியா நின்னுக்கிட்டு இருந்துச்சா,
எவரோ பாதியில விட்டுட்டுப் போன
வேண்டுதல்னு நெனச்சிருப்பாங்க.
கொண்டாந்து சேத்துட்டாங்க."

பெயர்த்தெடுக்கலாம்.
கடப்பாரை இருந்தது, ஆள் இருந்தது.
படிவத்தைப் படியின் மேலேயே விரித்து
கல் எண் ஒன்பது: காணவில்லை
என்று எழுதினேன்.
குத்தகை, நிலுவையில்.

அடுத்த கட்டத்தில்
கல் நட்டதன் நோக்கம் கேட்டிருந்தது.
எப்போதும் எழுதுகிற பதில் ஒன்று உண்டு.
அன்றைக்கு என்ன கேட்டு அதைச் சுமந்து வந்தேன் என்று
கீழே பஸ் வரும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.